எங்கள் குளம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"மனுதாரர் குறிப்பிடும் நீர்நிலை கிராமக் கணக்கில் உள்ளபடியே உள்ளது."

அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து என் மனுவுக்கு வந்த பதில் இது. இருக்கிறதாம். கணக்கில் இருக்கிறதாம். கணக்கில் இருக்கிற தண்ணீரை என் மாடு குடிக்குமா? கணக்கில் இருக்கிற கெளுத்தியை எந்தச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பேன்? கணக்கில் குளமாக இருக்கிற அந்தப் பள்ளத்தில்தானே ஐயா என் அக்கா மகன் செத்துக் கிடந்தான்?

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது.

கந்தர்வக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. ஊர்ப் பேரை எழுதவில்லை. பயந்துதான் எழுதவில்லை, ஏன் பயம் என்று பிறகு சொல்கிறேன். எனக்குக் காணி நிலம் கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போவேன், கடலை பறிக்கப் போவேன், முந்திரிக்கொட்டை உடைக்கப் போவேன். பத்தாவது வரைக்கும் படித்திருக்கிறேன். மனு எழுத அது போதும். மனுவைப் படிக்கிறவர்களுக்குத்தான் எந்தப் படிப்பும் போதவில்லை.

நிலம் உள்ளவருக்குக் குளம் என்றால் பாசனம். மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர், அதோடு அவர் கணக்கு முடிந்தது. நிலம் இல்லாத எங்களுக்கு? விடிகாலையில் போனால் கரையோரம் வல்லாரை, பொன்னாங்கண்ணி. மழைக்காலத்தில் நத்தை, நண்டு. தண்ணீர் வற்ற வற்ற அல்லிக்கிழங்கு. அயிரை, குரவை, உளுவை, கெளுத்தி, ஆரா, விரால், பனையேறி என்று எத்தனை வகை மீன்! கையில் ஒரு ரூபாய் இல்லாத நாளிலும் என் மாமியார் வீட்டில் கவுச்சி வாடை இருக்கும். என் வயிற்றில் பிள்ளை இருந்தபோது எந்த டாக்டரும் எனக்கு டானிக் எழுதித் தரவில்லை. குரவை மீன் குழம்பு ஊற்றித்தான் அந்தக் கிழவி என்னைத் தேற்றினாள்.

குளத்துக்கும் சாதி இருந்தது, மறைக்க மாட்டேன். எங்கள் துறை தனி, அவர்கள் துறை தனி. ஆனாலும் சித்திரை, வைகாசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசினதுதான் தாமதம், ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு அத்தனை சனமும் இறங்கும். அந்த ஒரு காலையில் சேறு பூசின முகத்தில் யார் எந்தத் தெரு என்று தெரியாது. கையில் விழுந்த மீன் அவரவருக்கு. இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் எந்த ஊரில் கேட்டாலும் மீன்பிடித் திருவிழாவைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அது நின்றுபோனது. துண்டு வீசின அந்தப் பெரியவரைப் பற்றியும் பிறகு சொல்கிறேன்.

மழை இல்லை, அதனால் குளம் காய்ந்தது என்கிறார்கள். பொய். 2021 ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எப்படிக் கொட்டியது! டிவியைப் போட்டால் ஏரி ஏரியாக நிரம்பி வழிந்த சேதி. எங்கள் குளத்தில் மாட்டின் குளம்பு நனைகிற அளவுக்குத் தண்ணீர். மேலே பெய்த மழை எங்கே போனது?

இந்த மாவட்டத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வானம் கொடுப்பதைப் பிடித்து வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அது தெரிந்துதான் முன்னோர்கள் சின்னதும் பெரியதுமாக 5,000-க்கும் மேல் குளங்களை வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக் குமிழித் தூம்புகள் கல்வெட்டோடு இன்றைக்கும் இந்தச் சீமையில் நிற்கின்றன. மேட்டுச் செம்மண் காட்டில் விழும் மழை வரத்துவாரி வழியாக ஒரு குளத்துக்கு வரும். அது நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்த குளம். அதுவும் வழிந்தால் அதற்கடுத்தது. கடைசியில் மிஞ்சினது அக்னியாற்றில் விழுந்து கடலுக்குப் போகும். ஒரு வாரியை அடைத்தால் ஒரு குளத்தோடு போகாது. கீழே வரிசையாக எத்தனை குளமோ அத்தனையும் காயும். அவற்றை நம்பின மாடும் மனுஷரும் கொக்கும் நாரையும் காயும்.

எங்கள் வாரியை அடைத்தார்கள்.

மேட்டில் முன்பு முந்திரிக் காடு. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் அதை வேரோடு சாய்த்தது. முந்திரியோடு எங்கள் கூலியும் போனது, அதை இன்னொரு நாள் அழுகிறேன். சாய்ந்த இடத்தில் தைலங்கன்று வைத்தார்கள். வைத்தவர் வெளியூர்க்காரர். மேட்டுக்குக் குறுக்கே பொக்லைனை விட்டு அகழி வெட்டினார், வெட்டின மண்ணை வரப்பாகப் போட்டார். விழுகிற மழை அவர் மரத்துக்கே தேங்க வேண்டுமாம். பட்டாவுக்கு நடுவே ஓடின புறம்போக்கு வாரி அந்த அகழிக்குள் காணாமல் போனது. கிராம வரைபடத்தில் இன்றைக்கும் கோடாக இருக்கிறது. தண்ணீர் கோட்டில் ஓடுமா?

எங்கள் ஒரு ஊர்க் கதை என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்தின் தைல மரங்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நிற்கின்றன. அவற்றை எடுங்கள், வாரிகளைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் கலெக்டர் ஆபீசில் தொண்டை வறளக் கத்துகிறார்கள். கர்நாடகத்தில் 2017-இலேயே புதிதாக யூக்கலிப்டஸ் நடக்கூடாது என்று அரசு தடை போட்டது. அங்கே தண்ணீரைக் குடிக்கிற மரம் இங்கே மட்டும் பால் கறக்குமா? ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு வெட்டு, வெட்டின மரம் காகிதக் கூழுக்கு. எனக்கு அந்தப் பதில் அச்சடித்து வந்ததும் அந்தக் காகிதத்தில்தானோ என்னவோ.

வாரி செத்த பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? குளத்தைத் தூர்வாரச் சொன்னார்கள். நூறு நாள் வேலை என்று எங்களைத்தான் இறக்கினார்கள். கத்திரி வெயிலில் மண்வெட்டியும் சட்டியுமாக, இடுப்பு ஒடிய, கிழவிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் மண் சுமந்தோம். நான் கேட்டேன்: "ஐயா, மேல வாரி அடைஞ்சு கெடக்கு. அத வெட்டச் சொல்லுங்க, நாங்களே வெட்டுறோம்." குச்சி வைத்து அளந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எஸ்டிமேட்ல அது இல்லம்மா." வாய்க்குச் சோறு போகிற வழியை அடைத்துவிட்டு வயிற்றைப் பெரிதாக்குகிற வைத்தியம் எந்த ஊரில் உண்டு? அதற்கு முன்பே 2017-இல் குடிமராமத்து என்று மாநிலம் முழுக்க 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், பிறகு இன்னும் ஒதுக்கினார்கள். எங்கள் பக்கம் வந்தது கரைமேல் கொட்டின கொஞ்சம் மண்ணும் ஒரு போர்டும். போர்டு இன்னும் இருக்கிறது.

அப்புறம் மீன்பாசி ஏலம். ஏலம் எடுத்தவர் முதல் வேலையாகக் குளத்தில் இருந்த மீனையெல்லாம் கொன்றார். கட்லா, ரோகு குஞ்சு விடுவதற்கு முன்னால் "களை மீன்" அழிக்கிறார்களாம். இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார்கள். மறுநாள் காலையில் அயிரையும் குரவையும் பனையேறியும் வயிறு மேலே தெரிய மிதந்தன. 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஜிலேபிக் கெண்டையோடு சண்டை போட்டுக்கூடப் பிழைத்துக் கிடந்த மீன்கள் அவை. ஒரு பிண்ணாக்கு மூட்டையில் முடிந்தன. அடுத்து ஏலம் எடுத்தவர் இந்த நாட்டில் வளர்க்கத் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து விட்டார். அதற்குத் தீனி கோழிக்கடைக் கழிவு. இறகும் குடலும் மிதந்த அந்தத் தண்ணீரில் மாடுகூட வாய் வைக்கவில்லை. நாங்கள் ஊத்தாவோடு போனால் திருடிகள். வலைக்குக் காவலாள் போட்டிருந்தார்.

எங்களை வளர்த்த மீனுக்குப் பேர் களை. அப்படியென்றால் எங்களுக்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள்?

இதையும் பொறுத்தோம். லாரி வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏரி, குளத்து வண்டலை விவசாயி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு உத்தரவு இருக்கிறது. 2024-இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்றும் சுலபமாக்கினார்கள். நல்ல உத்தரவு, குறை சொல்ல மாட்டேன். வண்டல் வயலுக்குப் போனால் வயலும் தேறும், குளமும் ஆழும். எங்கள் குளத்தில் வண்டல் ஒரு முழம் இருந்திருக்குமா? அதற்குக் கீழே கிராவல். வண்டல் என்று தாள், போனது கிராவல். ராத்திரியில் ஹிட்டாச்சி உறுமும், விடிவதற்குள் லாரிகள் போய்விடும். பிளாட் போடுகிற இடத்துக்கும் ரோட்டு வேலைக்கும் எங்கள் குளம் போனது. விரால் கோடையில் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழை கண்டதும் எழுந்து வரும். சேற்றையே அள்ளிவிட்டால் எது எழுந்து வரும்? நத்தை இல்லை, அதனால் நத்தைகுத்தி நாரையும் இல்லை. மடைக்குப் பக்கத்தில் முக்குளிப்பான் முங்கி எழுவதைக் காட்டித்தான் அக்கா தன் மகனுக்குச் சோறு ஊட்டுவாள்.

அவன் ஆறாவது படித்தான். பேர் எழுத மனசு வரவில்லை.

புரட்டாசியில் ஒரு மழை. குளத்தின் நடுவே கிணற்று ஆழத்துக்கு அவர்கள் தோண்டின பள்ளம் நிறைந்துவிட்டது. மேலே பார்த்தால் சும்மா குளத்துத் தண்ணீர்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குளத்தின் அடி தெரியும். எங்கே முழங்கால், எங்கே இடுப்பு, எங்கே மடைப்பள்ளம் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வந்தது. அதை நம்பித்தான் அவன் ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு இறங்கினான். முழங்கால் என்று அவனுக்குச் சொன்ன இடத்தில் அடி இல்லை. ஆட்டுக்குட்டி கரையேறிவிட்டது.

நான்தான் தூக்கினேன். அக்கா மகன் என்றால் எனக்கும் மகன்தான். கைக்குள் இருந்தான், மூக்கிலிருந்து செம்மண் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க வழிந்தது.

நீச்சல் தெரியாமல் மூழ்கினான் என்று எழுதினார்கள். பள்ளம் தோண்டினவன் பேர் அந்தத் தாளில் எங்கே? எத்தனை அடி தோண்ட அனுமதி, எத்தனை அடி தோண்டினான், யார் வந்து அளந்தது, சுற்றி ஒரு கயிறாவது கட்டச் சொன்னவர் யார்? நூறு நாள் வேலையில் நாங்கள் வெட்டின குழி ஒரு ஜாண் குறைந்தால் கூலியைக் குறைக்கத் தெரிந்த உங்களுக்கு இந்தப் பள்ளத்தை அளக்க ஒரு குச்சி கிடைக்கவில்லையா?

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர்ப் பெரியவர் வந்தார். துண்டு வீசுகிறவர். திண்ணையில் உட்கார்ந்து, "கேஸு கீஸுன்னு அலையாத ஆத்தா, போனது போச்சு, ஏதாவது பாத்துச் செய்யச் சொல்றேன்" என்றார். அக்கா பேசவே இல்லை. லாரியில் அவர் மருமகனுக்கும் பங்கு இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் மீன் திருவிழாவுக்குத் துண்டு வீசின கை ஐயா அது! வெளியூர்க்காரன் அகழி வெட்டினான், அவனுக்கு இந்த ஊர் யாரோ. நீங்கள் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் இல்லையா?

புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் தம்பி காசு வாங்காமல் உட்கார்ந்து சட்டப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தார். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். "அக்கா, இது பொதுப்பணித்துறை ஏரிகளுக்கு மட்டுந்தான். உங்க குளம் நூறு ஏக்கருக்குக் கொறஞ்ச பாசனம், ஒன்றியத்துக் குளம். இதுல வராது." சரி, ஈரநிலம் என்று சொல்கிறார்களே, அதில்? 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநில விதிகள் இருக்கின்றன. அதையும் படித்தார். பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனுஷர் வெட்டின நீர்நிலைகளை அந்த விதிகள் ஈரநிலம் என்று எண்ணவில்லை. எங்கள் குளம் மனுஷர் வெட்டினது. எங்கள் பாட்டன் பூட்டன் வெட்டினதால் அது ஈரநிலம் இல்லை. கேட்டீர்களா இந்த நியாயத்தை?

1971-இல் ராம்சார் என்ற ஊரில் உலக நாடுகள் கூடி ஈரநிலங்களைக் காப்போம் என்று கையெழுத்துப் போட்டன. அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் தமிழ்நாட்டில் மட்டும் 20 இடங்கள், இந்தியாவிலேயே அதிகம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரிக்கு 2024 ஜனவரியில் அந்தப் பட்டம் கிடைத்தது. அதுவும் பாசனத்துக்கு வெட்டின ஏரிதான். பறவைக்காகக் கொடுத்தார்கள், நல்லது, கொடுக்கட்டும். எங்கள் குளத்துக்கும் நாரை வந்ததே, அதை எண்ணிப் பார்க்க யார் வந்தார்கள்?

1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது, அதில் நடவடிக்கை எடுக்கலாம். நீர்நிலைகளை மீட்கச் சொல்லி உயர்நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் எத்தனையோ தீர்ப்பு சொல்லிவிட்டன. எல்லாம் இருக்கிறது. நோட்டீஸில் கையெழுத்துப் போட ஒரு அதிகாரிக்கு மனசு வர வேண்டும், அது மட்டும் இல்லை. நான் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்த மனுவின் நகல் அந்த வாரமே லாரிக்காரன் கையில் இருந்தது. டீக்கடையில் வைத்து என் கையெழுத்தைக் காட்டிச் சிரித்தான். "ஒம் பொழப்பப் பாரு." என் மனு எப்படி அவன் கைக்குப் போனது? அரசாங்கத்தை நம்பிக் கொடுத்த காகிதத்தை வைத்து என்னையே மிரட்டுகிறான் என்றால் நான் இனி எங்கே போய் மனு கொடுப்பது?

ஊர்ப் பேரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிகிறதா? 2019 ஜூலையில் குளித்தலை பக்கம் முதலைப்பட்டியில் குள ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன அப்பனையும் மகனையும் வெட்டிக் கொன்றார்கள். எங்கள் மாவட்டத்திலேயே, திருமயம் பக்கம் சட்டவிரோதக் கல்குவாரிகளை எதிர்த்து மனு மேல் மனு கொடுத்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதிச் செத்தார். விபத்து என்றார்கள், பிறகு கொலை வழக்கானது, குவாரிக்காரர்கள் கைதானார்கள். அவரும் மனு கொடுத்தவர்தான். நானும் மனு கொடுத்தவள்தான். ராத்திரியில் லாரிச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரர் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார்.

இதற்கு நடுவே காவிரியை எங்களுக்குக் கொண்டுவருகிறேன் என்கிறார்கள். காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று இந்த மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நட்டார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஆனால் மாயனூரிலிருந்து ஆற்றைத் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, கூப்பிடு தூரத்து மேட்டில் விழுகிற மழையை எங்கள் குளத்துக்கு விட ஏன் தெரியவில்லை? ஒரு அகழியை மூட எத்தனை கோடி வேண்டும்? வாரி எல்லாம் செத்துக் கிடக்கும்போது அந்தக் கால்வாயில் வருகிற தண்ணீர்தான் எந்த வழியாக எங்கள் ஊருக்கு வரும்?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கஜா புயல் எல்லாவற்றையும் சாய்த்த மறுவருஷமே, 2019-இல், பேராவூரணிப் பெரிய குளத்தை இளைஞர்கள் கைக்காசும் ஊர்க்காசும் போட்டுத் தூர்வாரினார்கள். கடைமடைப் பகுதி. அவர்களும் எல்லாம் இழந்தவர்கள்தான். அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை? அங்கே ஊர் குளத்தின் பக்கம் நின்றது. இங்கே ஊர் லாரியின் பக்கம் நின்றது. எங்கள் தெரு மட்டும் கத்திக்கொண்டிருந்தது, எங்கள் தெருவின் சத்தம் எப்போதும் ஊருக்குக் கேட்காது.

எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். அக்காவும் வாங்க மாட்டாள். புதுக்கோட்டையில் நாற்காலியில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சர்வேயரை அனுப்புங்கள். கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து மடை வரைக்கும் அந்த வாரியை அளந்து கல் நடச் சொல்லுங்கள். தைலத் தோப்பு அகழியை மூடச் சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தை எத்தனை அடி தோண்டினார்கள் என்று அளந்து, தோண்டினவன் பேரை எழுதுங்கள். ஒன்றியத்துக் குளங்களுக்கும் செல்லும்படி அந்த 2007 சட்டத்தைத் திருத்துங்கள். இதைப் படிக்கிற நீங்களும் உங்கள் ஊர்க் குளம் யார் கணக்கில் இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். எங்கள் ஊருக்குச் சர்வேயர் வருகிற நாளை மட்டும் முன்கூட்டித் தண்டோரா போட்டு, எங்கள் தெருவுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிடுங்கள். சங்கிலி பிடிக்க நாங்கள் வருகிறோம்.